அரபியின் ளாத் (ض) எழுத்து: நம் ‘ள’ சரியா, கனத்த ‘தால்’ சரியா?

காயல் வாசகன்:
ரமளான் வந்தாலே இந்தப் பேச்சும் வந்துவிடுகிறது. மக்தபில் (குர்ஆன் ஓதும் பள்ளியில்) பாத்திஹா ஸூராவின் முடிவை ‘வலள்ளால்லீன்’ என்று ஓதிக்கொடுத்த உஸ்தாதுமார் எல்லோரும் தப்பாம். ‘தீன்’ என்பதில் வரும் தால் (د) எழுத்தைக் கனமாக்கி, எகிப்து காரிகள் (குர்ஆன் ஓதுநர்கள்) போல ஓதினால்தான் தொழுகை கூடுமாம். ளாத் வரும் சொற்களைப் பர்ளு, உளூ, களா என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வாய் இது. எட்டாம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் ஸீபவைஹி, நாக்கின் ஓரமும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களும் சேரும் இடத்தைத்தான் ளாத்தின் மக்ரஜ், அதாவது ஓசை பிறக்கும் இடம், என்கிறார். நாக்கு நுனியைச் சொல்லவே இல்லை. காற்று ஓடிக்கொண்டிருக்கும் ‘ரிக்வ்’ எழுத்துகளோடு சேர்க்கிறார். கனத்த தாலில் காற்று அடைபட்டு நிற்கிறதே, அது எப்படிப் பொருந்தும்?

இப்னு யூசுஃப்:
காக்கா, குர்ஆன் வாய்வழியாக, ஸனதோடு (ஆசிரியர் தொடரோடு) வருவது. ஏட்டை மட்டும் வைத்து ஓத முடியாது. இன்று கெய்ரோவில் இஜாஸா (ஓதிக்கொடுக்கும் அனுமதி) வாங்கப் போய் ‘ள’ என்று ஓதினால் அங்கேயே நிறுத்தித் திருத்துவார்கள். 1429இல் மறைந்த ஓதல் கலை இமாம் இப்னுல் ஜஸரீ, ளாத்தைத் தடித்த லாமாக (ل) ஓதுவோரையும் பிழை செய்வோரில்தான் சேர்க்கிறார். நம் ‘ள’ அதிலிருந்து எவ்வளவு தூரம்? அதுபோகட்டும், மதியத் தொழுகையை நம்மில் பலர் ‘ளுஹர்’ என்கிறார்கள். அதில் இருப்பது ளாத்தே இல்லை, ழா (ظ) என்ற வேறு எழுத்து. இரண்டையும் ஒரே ‘ள’வில் போட்டுவிட்டு ஸீபவைஹியைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமா? இஸ்திதாலாவாலும் (ஓசை நாக்கோரமாக நீள்வது) மக்ரஜாலும் ளாத்தை ழாவிலிருந்து பிரித்துக்காட்டு என்றுதான் இப்னுல் ஜஸரீயின் ஜஸரிய்யா நூல் சொல்கிறது.

மொழியியல் மாணவி:
அண்ணன் சொல்லும் அந்தக் கலப்பையே நான் சாட்சியாக எடுத்துக்கொள்வேன். ளாத் ஆதியிலிருந்தே கனத்த தாலாக இருந்திருந்தால் ழாவோடு ஏன் குழம்ப வேண்டும்? வளைகுடாவிலும் இராக்கிலும் பேச்சு அரபியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எகிப்திலும் ஷாமிலும் (சிரியா வட்டாரம்) ளாத் தால் பக்கம் சாய்ந்தது. பழைய ஓசையில் காற்று நாக்கின் ஓரமாக வழிந்தது என்பதற்கு வெளிநாட்டுத் தடயங்களும் உண்டு. அரபியின் ‘அல்காளீ’ (நீதிபதி) ஸ்பானிய மொழியில் ‘அல்கால்தே’ ஆனது. நடுவில் ஒரு ‘ல்’ ஒட்டிக்கொண்டது. மலாயில் ‘பர்ளு’ என்பது ‘பெர்லு’, ‘ரிளா’ என்பது ‘ரெலா’.

ஆனால் காக்காவிடமும் ஒன்று கேட்கிறேன். தமிழ் ‘ள’வைச் சொல்லிப்பாருங்கள். நாக்கு நுனி மேலே மடங்கி அண்ணத்தைத் தொடுகிறது. ஸீபவைஹி சொன்ன இடம் அதுவல்லவே. திசை சரி, இடம் வேறு.

கண்டி டீச்சர்:
எங்கட பக்கம் ‘ரமழான்’, ‘வுழூ’ எண்டுதான் எழுதுறம். அதிலயும் நுனிதான் மடங்குது. பிள்ளைகளுக்கு நான் நுனியச் சும்மா விடச் சொல்லி, நாக்கின்ட இடப்பக்க ஓரத்த மேல் கடைவாய்ப் பல்லுல அழுத்தி, குரலை விடாமப் பிடிக்கச் சொல்லுவன். வலப்பக்கமும் ஏலும், இடம் லேசு. முதல்ல ‘அள்’ எண்டு ஸுகூன் (உயிரில்லாக் குறி) வெச்சுப் பழக்கினா இஸ்திதாலா காதுக்கே விளங்கும்.

இப்னு யூசுஃப்:
டீச்சர் சொல்லும் பயிற்சியில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தஜ்வீத் (ஓதல் முறை) நூல்களிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் தங்கை காட்டிய ஸ்பெயினும் மலாயும் வரலாற்றுக்கு உதவும். மிஹ்ராபில் (தொழுகை நடத்தும் மாடத்தில்) நிற்கிற இமாமுக்கு அவை ஆதாரமாகாது.

காயல் வாசகன்:
இடம் வேறு என்று தங்கச்சி சொன்னது சரிதான், ஆனால் அதற்கு மருந்து கனத்த தால் அல்ல. அங்கேயும் நாக்கு நுனிதானே வேலை செய்கிறது? எனக்கு மனவருத்தம் ஓசையில்கூட இல்லை. ‘ள’ என்று ஓதும் முதியவர் பின்னால் தொழுதால் கூடாது என்கிறார்களே, அதில்தான். ளாத்துக்கும் ழாவுக்கும் மக்ரஜ் நெருக்கம் என்பதால் அவற்றைப் பிரித்தறியாதவர் ஒன்றின் இடத்தில் மற்றதை ஓதினால் மன்னிக்கப்படும் என்று குர்ஆன் விரிவுரையாளர் இப்னு கஸீர் பாத்திஹா தப்ஸீரிலேயே (விரிவுரையிலேயே) எழுதியிருக்கிறார். அவரைவிடக் கண்டிப்பு நமக்கு எதற்கு?

இப்னு யூசுஃப்:
‘பிரித்தறியாதவர்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். முதியவர் பின்னால் நான் தொழுவேன், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஏழு வயதுப் பிள்ளையால் பிரித்தறிய முடியும் காக்கா. அவனுக்கும் ஏன் அந்தச் சலுகையையே பாடமாக வைக்கிறீர்கள்?