வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து

போன மாசி மாதம், வேலை முடிந்து ஹட்டன் பஸ்ஸில் இருந்து இறங்கி தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீட்டுக்கு, நடந்து வந்த என் தம்பியைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடையாள அட்டை கையில்தான் இருந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, "வா, அங்கே சொல்கிறோம்" என்று மட்டும் பதில்.

நான் பொலிஸ் நிலையம் போய்ச் சேர இரவு எட்டரை. தம்பிக்கு முன்னால் சிங்களத்தில் எழுதிய இரண்டு பக்க வாக்குமூலம். கையெழுத்து வைத்தால் விடுவோம் என்றார்கள். அவனுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. பசி வேறு, பேனாவை எடுத்துவிட்டான். நான்தான் தடுத்தேன். "சேர், தமிழில் வாசித்துக் காட்டுங்கள், பிறகு வைப்பான்." கை நடுங்கியது, குரலும்தான். ஒரு மணி நேரம் வாங்கில் இருக்க வைத்தார்கள். கடைசியில் தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் வந்து வாசித்தார். நடுவில் ஒரு வரி: அதிகாரியைத் தள்ளியதாகத் தம்பியே ஒத்துக்கொண்டானாம். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அந்த வரியை வெட்டிய பிறகுதான் கையெழுத்து.

வீட்டுக்கு வந்தால் பெரியப்பாவிடம் ஏச்சு. "பொலிஸோடு சட்டம் பேசி இந்தத் தோட்டத்தில் பிழைக்க முடியுமா?" அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் சொந்தங்களைப் பிரித்து இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றியது. இங்கே மிஞ்சியவர்களில் பலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை குடியுரிமை இல்லை. "அதற்காகத்தான், பெரியப்பா, நான் பேசுகிறேன்" என்றேன். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்ற 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. இது யாரும் போட்ட பிச்சை இல்லை.

எனக்குத் தெரியாமல் இருந்தது ஒரு மாதக் கணக்கு. அடிப்படை உரிமை மீறல் மனுவை 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். சட்டத்தரணிக்கும் கொழும்புப் பயணத்துக்கும் காசு தேடியே மூன்று வாரம் போய்விட்டது. அப்புறம் ஓர் ஆசிரியர் சொல்லி மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தோம். அந்த மாதத்துக்குள் அங்கே போனால், ஆணைக்குழு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. கூட்டிப் போன நேரம், ஜீப் இலக்கம் எல்லாம் தம்பி அன்று இரவே கொப்பியில் எழுதி வைத்திருந்தான். அதுதான் கை கொடுத்தது.

போன கிழமை விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது, தமிழில். பெரியப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். "நானும் வாறேன்" என்றார்.