குட்டிக் கோவா இறுகாமல் விரியுது, என்ன செய்யலாம்?

லண்டனில அலொட்மென்ட் (வாடகைக்குக் கிடைக்கிற தோட்டத்துண்டு) எடுத்து ரெண்டு வருசம். பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் (தண்டு நீளத்துக்குச் சின்னச் சின்ன முட்டைக்கோவா மாதிரிக் காய்க்கிறது, எங்கட வீட்டில குட்டிக் கோவா) 12 கண்டு நட்டனான். செடி இடுப்பளவு வளர்ந்திட்டுது, இலையும் கரும்பச்சை. காய் மட்டும் இறுகேல்லை, விரல் பட்டாலே ரோசாப்பூ மாதிரி விரியுது. நடமுன்னம் மண்ணை நல்லாப் புரட்டி, கோழி எருவும் தாராளமாப் போட்டனான்.

பதில் 1:
தங்கச்சி, கடைசி வரியிலயே விடை இருக்கு. மண் பொலபொல எண்டு இருந்தால் இந்தச் செடி காத்துக்கு ஆடும், வேர் பிடிக்காது, காய் விரியும். கூடின தழைச்சத்தும் இலையைத்தான் வளர்க்கும். நான் எருவை நடுறதுக்கு முந்தின இலையுதிர் காலத்திலயே போட்டு, மண்ணைப் படிய விட்டிடுவன். ஜூனில 60 சென்ரிமீற்றர் இடைவெளியில நட்டு, சப்பாத்துக் குதியால சுத்திவர மிதிப்பன். பிறகு ஒரு இலையைப் பிடிச்சு இழுத்துப் பாருங்கோ. இலை கிழியவேணும், கண்டு அசையக்கூடாது. மனுசி பாத்திட்டு, "செடியோட என்ன சண்டை?" எண்டு கேட்டவ.

பதில் 2:
அண்ணை சொன்னது சரி. செப்டெம்பரில தண்டைச் சுத்தி மண் அணைச்சு, தடி நட்டுக் கட்டுங்கோ. விதை வாங்கேக்க எஃப்1 (ரெண்டு இனத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை ஒட்டுவிதை) இனமாப் பாருங்கோ. காய் ஒரே அளவா இறுகி வரும்.

கேட்டவர்:
நன்றி அண்ணை. இப்ப நிக்கிற செடியை என்ன செய்ய?

பதில் 1:
விரிஞ்சது இனி இறுகாது. கீழ இருந்து பிடுங்கி, தேங்காய்ப்பூ போட்டு வறை வையுங்கோ. மேல உள்ள சின்னனுகளை விடுங்கோ, உறைபனி பட்டால் இனிக்கும்.