எட்டுக்கால் பூச்சி பூச்சி இல்லையாமே! ஆறாம் வகுப்பில் மாட்டிக்கொண்டேன்

வடசென்னை மிஸ்:

வணக்கம். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 38 பிள்ளைகள், ஒரே ஒரு லென்ஸ். நேற்று "தெரிந்த பூச்சிகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். கரப்பான், கொசு, ஈ, தட்டான் என்று நன்றாகத்தான் போனது. அப்புறம் எட்டுக்கால் பூச்சி, பூரான், மரவட்டை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "மிஸ், வயித்துல இருக்கிற பூச்சி!" உடனே இன்னொருத்தி, "பல்லுல பூச்சி!" வகுப்பே சிரித்தது, நானும்தான்.

பூச்சிக்கு ஆறு கால் என்று சொன்னதும் அதே பையன், "அப்ப எட்டுக்கால் பூச்சிக்கு ஏன் மிஸ் பூச்சின்னு பேரு?" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று மணி அடிக்கும்வரை ஓட்டிவிட்டேன்.

இதைவிடக் கவலை இன்னொன்று. தலை, மார்பு, வயிறு என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். படம் வரையச் சொன்னால் பாதிப் பேர் பகுதிக்கு இரண்டு காலாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரி, ஆறுதான்! கையில் இரண்டு வாரம் இருக்கிறது, செலவுக்குக் காசு இல்லை. எதில் ஆரம்பிப்பது?

பழைய விலங்கியல் வாத்தியார்:

டீச்சரம்மா, அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள், அவன் கேட்டதுதான் பாடம். பூச்சி என்பது வீட்டில் வைத்த பேர். நட்சத்திர மீன் மீனா என்ன? அதுபோலத்தான். ஆனால் தமிழில் கால் எண்ணும் பழக்கமும் இருந்திருக்கிறது. வண்டுக்கு அறுகால், அறுபதம் என்றே பழைய பெயர். இதைச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டார்கள்.

ஆரம்பிக்கக் கரப்பானைவிட நல்லது இல்லை. சிங்க்குக்கு அடியில் செத்துக் கிடப்பது போதும். மேலிருந்து பார்த்தால் முன்னால் தெரியும் கேடயத்தைப் பிள்ளைகள் தலை என்பார்கள். அது மார்பின் மூடி. மல்லாக்கப் போடுங்கள். தலை அதற்குக் கீழே மடங்கிக் குனிந்திருக்கும். ஆறு காலும் மார்பிலிருந்து கிளம்புவதை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுங்கள். வயிற்றில் கால் வரைந்தவர்களே எழுந்து அழித்துக்கொள்வார்கள். உடம்பின் ஓரத்தில் பக்கத்துக்குப் பத்தாகச் சுவாசத் துளைகள் உண்டு. அதற்கு உங்கள் லென்ஸ் போதுமா என்பது சந்தேகம்தான்.

"கரப்பானை நசுக்கினா ஏன் வெள்ளையா வருது?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அந்தக் கொழகொழப்பில் பெரும்பகுதி கொழுப்பு. காற்று துளை வழியாகக் குழாய்களில் நேரே உடம்புக்குள் போய்விடுகிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டியதில்லை, அதனால் சிவப்பும் இல்லை. கொசுவை அடித்தால் கையில் சிவப்பாக ஒட்டுவது நம் ரத்தம்.

வேளச்சேரி மாடித்தோட்டம்:

நான் டீச்சர் இல்லை, அம்மா. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சிப் புழு வருஷம் முழுக்கக் கிடைக்கும். சின்னதில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், நானே தண்ணீர் அடித்துக் கழுவப் பார்த்திருக்கிறேன். பெரிதானதும் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டும், ஒரு புளித்த வாடை. பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் குச்சியோடு வைத்து, வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள். இலை மட்டும் வீட்டுச் செடியிலிருந்தே பறித்துப் போடுங்கள். ஒருமுறை செடி மொட்டையாகிவிட்டதே என்று கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போட்டேன். மறுநாள் காலையில் மூன்றும் சுருண்டு கிடந்தன. மருந்து அடித்த இலை போல. என் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கூட்டுப்புழு ஆனபின் தொடாதீர்கள். இடுப்பில் ஒரு நூல் கட்டிச் சாய்ந்து நிற்கும். பத்து நாள் வாக்கில் வெளியே வரும், பெரும்பாலும் காலையில், மணி அடிப்பதற்கு முன்னால்!

கொசு மருந்து அண்ணன்:

வீடு வீடாகப் போய் டப்பா, டயர், ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாம் கவிழ்த்துப் பார்த்த ஆள் நான். வாழ்க்கைச் சுழற்சிக்குக் கொசுப்புழுதான் சீக்கிரம் முடியும், முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். புழு தலைகீழாகத் தொங்கி, வால்பக்கக் குழாயை மேலே நீட்டி மூச்சு விடும். கையை மேலே காட்டுங்கள், நிழல் பட்டதும் அத்தனையும் கீழே பாயும். மலேரியா கொசுவின் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது, தண்ணீரோடு படுத்திருக்கும். கமா போல வளைந்து துள்ளுவது கூட்டுப்புழு. அதற்குத் தீனி இல்லை, ஓட்டம் மட்டும் உண்டு.

பாட்டில் வாயை வலை போட்டு இறுக்கிக் கட்டுங்கள், வெள்ளிக்கிழமை மண்ணில் கொட்டிவிடுங்கள். சனி ஞாயிறு வகுப்பில் விட்டால் திங்கட்கிழமை டெங்கு கொசுவை நீங்களே வளர்த்த மாதிரி ஆகிவிடும்.

பழைய விலங்கியல் வாத்தியார்:

கரப்பானுக்குக் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது என்பதையும் பக்கத்திலேயே வைத்துச் சொல்லுங்கள். குட்டிக் கரப்பானே பெரிதின் அச்சு, இறக்கை மட்டும் இல்லை. வெட்டுக்கிளியும் அப்படித்தான்.

வகைகளுக்குப் பட்டியல் வேண்டாம், இறக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். முன் இறக்கை கெட்டி மூடியானால் வண்டு. கையில் பொடி ஒட்டினால் பட்டாம்பூச்சி அல்லது அந்துப்பூச்சி. இரண்டே இறக்கை என்றால் ஈ, கொசு. மழை பெய்த சாயங்காலம் டியூப் லைட்டைச் சுற்றும் ஈசலைப் பிடித்து வரச் சொல்லுங்கள். நாலு இறக்கையும் ஒரே நீளம். இறக்கை முளைத்த எறும்புக்கு முன்னிரண்டும் பெரிது. ஈசல் கரையான் ஜாதி, எறும்புக்கு உறவே இல்லை. இன்றைய வகைப்பாட்டில் அது கரப்பானோடு ஒரே வரிசை.

வடசென்னை மிஸ்:

எல்லோருக்கும் நன்றி. கரப்பானை மல்லாக்கப் போட்டதில் படம் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பையன் விடவில்லை. இன்று வீட்டுக் கறிவேப்பிலையிலிருந்து பச்சைப் புழு ஒன்றைக் கொண்டுவந்து, "எண்ணிட்டேன் மிஸ், பதினாறு கால். அப்ப பட்டாம்பூச்சியும் பூச்சி இல்லையா?" என்கிறான். வாத்தியார் ஐயா, காப்பாற்றுங்கள்.

பழைய விலங்கியல் வாத்தியார்:

சரியாக எண்ணியிருக்கிறான்! லென்ஸை அவன் கையில் கொடுங்கள். முன்னால் மூன்று ஜோடி மெலிந்து, கணுவோடு, நுனியில் நகத்தோடு இருக்கும். அவைதான் கால், மார்பில் இருக்கின்றன. பின்னால் உள்ள ஐந்து ஜோடி இலையைப் பற்றிக்கொள்ள வந்த சதைத் திரட்சி, பட்டாம்பூச்சி ஆகும்போது இருக்காது. முதலில் நீங்கள் சொல்லாதீர்கள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவனையே கேளுங்கள்.