எபிலேட்டருக்குப் பின் தோலுக்குள்ளேயே சுருளும் முடி: வழி சொல்லுங்கள்

தோழியருக்கு வணக்கம். முடியை வேரோடு பிடுங்கும் எபிலேட்டர் கருவியால் கால் முடியை எடுத்த பிறகு, புதிதாக முளைக்கும் முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே சுருண்டுகொள்கிறது. கெண்டைக்கால் பக்கம்தான் அதிகம். வெளிச்சத்தில் பார்த்தால், மெல்லிய தோலுக்கு அடியில் கறுப்பு நூல் படுத்திருப்பதுபோல் முடி தெளிவாகத் தெரிகிறது. சில இடங்களில் சிவந்த கொப்புளம். அது அடங்கினால் கறுப்புத் தழும்பு. பார்க்கப் பார்க்க மனம் வெறுத்துப்போகிறது.

கருவி சார்ஜ் செய்யும் வகை, இரண்டு வேகம், ஈரத்திலும் பயன்படுத்தலாம். பொங்கலுக்குப் பிறகு வாங்கினேன். அதற்கு முன் பல ஆண்டுகள் வாக்சிங்தான். இந்தத் தொல்லை இருந்ததில்லை. இருப்பது சென்னை, வியர்வைக்குக் குறைவில்லை. சர்க்கரை நோயோ ஒவ்வாமையோ கிடையாது. வலி பழகிவிட்டது.

முடி பாதியில் அறுந்தால் உள்ளே வளரும் என்பதால், வெந்நீரில் குளித்துவிட்டு, தோலை இழுத்துப் பிடித்து, கருவியைச் செங்குத்தாக வைத்து, முடி வளரும் திசைக்கு எதிராக மெதுவாகவே ஓட்டுகிறேன். இடுக்கித் தலையை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைக்கிறேன். பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன், கற்றாழை தடவினேன். சிவப்பு தணிந்தது; முடி அசையவில்லை. ஊசியால் கிளறி எடுக்கச் சொல்கிறார்கள். சீழ் பிடிக்கும், தழும்பு நிலைத்துவிடும். அதை மட்டும் செய்யமாட்டேன்.

அடுத்து, மேல்தோலின் இறந்த செல்களை உரிக்கும் 2% சாலிசிலிக் அமில லோஷன் தடவலாம் என்றிருக்கிறேன். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: எபிலேட்டர் போட்டு எத்தனை நாள் கழித்து அதைத் தடவத் தொடங்கினால் தோல் எரியாமல் முடி வெளியே வருகிறது?