கால்சியம் நைட்ரேட், 12:61:0, மருந்து: ஒரே டேங்கில் சேருமா?

பாலக்கோட்டுத் தக்காளிக்காரர்:
தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் தக்காளி பயிரிட்டிருக்கிறேன். மருந்தடிக்கும் ஆள்கூலி கட்டுப்படியாகாததால், இலைக்கருகலுக்கு மேன்கோசெப் நனையும் தூள், வெள்ளை ஈக்கு இமிடாகுளோபிரிட், காயின் அடி அழுகலுக்குக் கால்சியம் நைட்ரேட், பூ பிடிக்க 12:61:0 என்ற கரையும் உரம் ஆகிய நான்கையும் ஒரே டேங்கில் கரைத்தோம். சற்று நேரத்தில் கலவை திரிந்த பாலைப் போலாகி, நாசில் அடைத்துக்கொண்டது. மருந்து போலியா, அல்லது எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீர் காரணமா?

வேளாண் பட்டதாரி:
மருந்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஐயா. 12:61:0 என்பது மோனோ அமோனியம் பாஸ்பேட். அதிலுள்ள பாஸ்பேட்டும் கால்சியம் நைட்ரேட்டின் கால்சியமும் சேர்ந்தால், நீரில் எளிதில் கரையாத கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்துவிடும். நாசிலை அடைத்தது பெரும்பாலும் அதுதான். உங்கள் தண்ணீர் கடினநீராக இருந்தால், அதில் ஏற்கெனவே உள்ள கால்சியமும் படிவைக் கூட்டும். சல்பேட் உரங்களையும் கால்சியம் நைட்ரேட்டுடன் சேர்க்கக் கூடாது. எனவே கால்சியத்தைத் தனியாக வேறொரு நாள் தெளியுங்கள். ஒரு ஆள்கூலி கூடினாலும், வாங்கிய உரம் டேங்கின் அடியில் தங்குவதைவிட அது மலிவு.

உரக்கடைக்காரர்:
மேன்கோசெப்பும் இமிடாகுளோபிரிட்டும் பொதுவாகச் சேரும். ஆனாலும் இரண்டின் லேபிளையும் படித்துவிடுங்கள். பாதி டேங்க் தண்ணீர் பிடித்து, தூளைத் தனி வாளியில் கூழாகக் குழைத்து முதலில் ஊற்றிக் கலக்கி, அதன்பின் திரவ மருந்தையும் கடைசியில் மருந்து இலையில் ஒட்ட உதவும் ஒட்டுத்திரவத்தையும் சேர்க்க வேண்டும். புதிய கலவை எதுவானாலும், அதே விகிதத்தில் ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள்: சூடானாலோ, கட்டிதட்டினாலோ, குலுக்கியும் கலையாத படிவு நின்றாலோ அதைக் கைவிடுங்கள். இவை எதுவும் நடக்காவிட்டாலும் இலை கருகாது என்பதற்கு அது உத்தரவாதமில்லை. சில செடிகளில் அடித்துச் சில நாள் கவனித்த பிறகே முழுத் தோட்டத்துக்கும் போக வேண்டும். பூ மலர்ந்திருக்கும்போது இமிடாகுளோபிரிட் வேண்டாம், தேனீக்கள் செத்துவிடும்.

மூத்த விவசாயி:
மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை காரத்தன்மை உடையது என்பதால் மாலத்தியான், டைமெத்தோயேட் போன்ற பூச்சிமருந்துகள் அதில் சிதைந்து வீரியம் இழக்கும். நோயை அடக்கும் நன்மை பாக்டீரியாவான சூடோமோனாஸை அடிக்கிறவர்கள் அதனுடன் தாமிர மருந்தையோ பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோசைக்ளினையோ சேர்த்தால் அந்தப் பாக்டீரியா செத்துப்போகும். 2,4-டி களைக்கொல்லி அடித்த பம்பைத் தக்காளிப் பக்கம் கொண்டுவரவே கூடாது. மிச்சமிருக்கும் துளியே இலையைச் சுருட்டிவிடும்.

பாலக்கோட்டுத் தக்காளிக்காரர்:
மீதமிருக்கும் கலவையைத் துணியில் வடிகட்டி அடிக்கலாமா?

வேளாண் பட்டதாரி:
வேண்டாம். மேன்கோசெப் நீரில் கரைவதில்லை, நுண்துகள்களாக மிதக்கிறது. வடிகட்டினால் படிவோடு மருந்தும் துணியில் தங்கும், எவ்வளவு போயிற்று என்று கணக்கிடவும் முடியாது. அதைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில், ஆடுமாடு மேயாத தரிசில் அப்புறப்படுத்திவிட்டு, டேங்கையும் நாசிலையும் நன்றாகக் கழுவுங்கள். கையுறை இல்லாமல் அந்தப் படிவைத் தோண்டி எடுக்காதீர்கள்.