பால்மரக் (ரப்பர்) காட்டுப் பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பகலில் கடை வேலை, இரவில் படம். சிறுவர் நூல்களுக்கு ஓவியம் வரைய வேண்டும் என்பதுதான் ஆசை.

எனக்குப் பிடித்தவர்கள் இரண்டு பேர். தமிழ்நாட்டு ஓவியர் கோபுலு வரைந்த கூட்டத்தில் மூலையில் நிற்பவருக்குக்கூடத் தனி முகபாவம் இருக்கும். அப்புறம் நம் பேராக்கில் பிறந்த கார்ட்டூன் ஓவியர் லாட். 1979இல் வந்த அவருடைய 'கம்போங் பாய்' என்ற படக்கதை நூலைப் பார்த்ததிலிருந்து, நம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாழ்க்கையையும் அப்படி வரைய வேண்டும் என்று ஒரே துடிப்பு.

பாட்டி காலத்து ரப்பர் தோட்டத்தைத்தான் தொடங்கியிருக்கிறேன். சிக்கலும் அங்கேதான். எங்கள் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், அதைத் தாங்கும் கம்பி மரத்தை எப்படிச் சுற்றியிருக்கும், தோளில் வாளி சுமக்கும் காண்டாக் கம்பில் வாளி எவ்வளவு தாழத் தொங்கும்? பாட்டி கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார், எனக்குத்தான் பிடிபடவில்லை. உங்கள் வீட்டு ஆல்பத்தில் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), பாலுக்காக மரப்பட்டையைச் சீவி மரம் வெட்டுவது, பால் நிறுப்பது போன்ற படங்கள் இருந்தால் கைப்பேசியில் எடுத்து அனுப்புங்கள். முகத்தை மறைத்தாலும் பரவாயில்லை, சாமான்கள் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, ஈப்போவில் சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள நீர்வண்ணத் தாள் சில்லறையாக எங்கே கிடைக்கும்? மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடுகிறது. ஆன்லைனில் வாங்கச் சொல்லாதீர்கள், எனக்குத் தொட்டுப் பார்த்தால்தான் சரிப்படும்.