தேஸ்பூர் ஈரத்தில் தஞ்சாவூர் ஓவியம்: வழி சொல்லுங்கள்

வணக்கம் சகோதரிகளே. கணவர் ராணுவத்தில் ஹவில்தார். ஜோத்பூரிலிருந்து மாற்றலாகி அசாமில் தேஸ்பூருக்கு வந்திருக்கிறோம். நான் தஞ்சாவூர் ஓவியம் வரைந்து விற்கிறேன். இது பொழுதுபோக்கு இல்லை, தொழில். ஆனால் குடியிருப்பில் எல்லோரும் "சும்மா இருக்கும் நேரத்தில் வரைவார்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். அந்தச் சும்மா இருக்கும் நேரம் எப்போது வரும் என்று நானும் காத்திருக்கிறேன்!

இப்போதைய தலைவலி ஈரம். சாக் பவுடரும் கோந்தும் குழைத்து எழுப்பிய மேடு ஜோத்பூரில் மறுநாளே கல்லாக இறுகிவிடும். இங்கே மழைக்காலத்தில் நாட்கள் கழித்துத் தொட்டாலும் விரல் பதிகிறது. மேலே ஒட்டிய தங்கத்தாள் ஓரம் பெயர்ந்து நிற்கிறது, பலகையின் பின்புறம் பூஞ்சை. வடகிழக்கில் இருந்து வரைந்தவர்கள் யாராவது உண்டா? கலவையின் பக்குவத்தை மாற்ற வேண்டுமா, பல்பு வெளிச்சத்தில் உலர்த்தலாமா? வெப்பம் பட்டு வெடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். குவார்ட்டர்ஸ் முகவரி அடுத்த மாற்றலோடு போய்விடும். தஞ்சாவூர் வீட்டு முகவரி நிலையானது, ஆனால் நான் அங்கே இல்லை. ராணுவக் குடும்பத்தில் இருந்துகொண்டு அட்டை வாங்கியவர்கள் எதைக் கொடுத்தீர்கள்?

பாதி முடிந்த பலகைகளை லாரியில் அனுப்பும் வழி தெரிந்தாலும் சொல்லுங்கள். உரிந்த பலகையின் படத்தை இணைத்திருக்கிறேன்.